‘ஒண்ணும் வேண்டாம்’ என்றால் நம்பிவிடாதீர்கள்: முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் செய்யும் தவறுகள்

நாள்பட்ட நோயோடு படுக்கையில் இருக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் பல வருடமாக என் வேலை. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி போன வாரம் அறை வாசலில் நின்றபடியே, “வேற ஏதாவது வேணுமா ஐயா?” என்று கேட்டாள். “ஒண்ணும் வேண்டாம்மா” என்றார் அவர். சரி என்று கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டாள். நானும் அப்படி வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். மாத்திரை மாறுவது, சக்கர நாற்காலிக்கு பிரேக் போட மறப்பது பற்றியெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இதை யாரும் சொல்வதில்லை.

‘வேண்டாம்’ என்பதோடு விட்டுவிடுவது

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. பக்கவாதத்தில் இடப்பக்கம் செயலிழந்த பெரியவர். சர்க்கரையும் உண்டு. கட்டில் பக்கத்தில் டம்ளரில் தண்ணீர் வைத்தால், சாயங்காலம் வரை வைத்தபடியே இருக்கும். “வயசாயிட்டா தாகம் எடுக்காதுங்க” என்றார் மகள். வயது ஏற ஏற தாக உணர்வு மங்குவது உண்மைதான். அந்தப் பாதி உண்மையை நானும் பிடித்துக்கொண்டேன்.

பத்தாவது நாள் மகளையே யாரென்று கேட்டார். இரவெல்லாம் அறையில் இல்லாத யாரோடோ பேசினார். மறதி நோய் வந்துவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். மருத்துவமனையில் பார்த்தால் சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் வற்றிப்போயிருந்தது. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. ஓரிரு நாளில் புத்தி தடுமாறினால் பெரும்பாலும் பின்னால் தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோ, புது மருந்தோ, மலச்சிக்கலோ இருக்கும். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

வீடு திரும்பியபின், மகள் வெளியே போயிருந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். வெகுநேரம் கழித்துத்தான் வாய் திறந்தார். “தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் போகணும். அவளைத்தானே கூப்பிடணும்? பொம்பளைப் புள்ள.” அவருக்குத் தாகம் இருந்திருக்கிறது. மதியத்துக்கு மேல் வேண்டுமென்றே குடிக்காமல் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். இன்னொன்றும் அப்போதுதான் என் கண்ணில் பட்டது. டம்ளர் இருந்தது இடப்பக்கம், அசையாத கையின் பக்கம். பத்து நாளும் அங்கே வைத்தது நான்தான்.

டம்ளரை வலப்பக்கம் மாற்றினோம். வலக்கையால் அவரே எடுத்துக்கொள்ளும்படி யூரின் கேனையும் அதே பக்கம் மாட்டினோம். கேட்டாலும் கேட்காவிட்டாலும் குறித்த நேரத்துக்கு உதவ ஓர் ஆண் பணியாளர் வந்தார். டம்ளர் காலியாக ஆரம்பித்தது. (இதயம், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்குத் தண்ணீர் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.)

அதனால் ‘ஏதாவது வேணுமா?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். “ராத்திரி எத்தனை தடவை முழிப்பு வந்தது? அப்போ என்ன செஞ்சீங்க?” “பகல்ல எந்த நேரம் போகவே மாட்டேங்குது?” என்று உட்கார்ந்து, தனியாக இருக்கும்போது கேளுங்கள்.

பிள்ளைகளை மட்டும் கேட்டு எழுதுவது

முதியவர்களின் தேவைகளை அளக்க 2000இல் வெளியான கேம்பர்வெல் மதிப்பீட்டுப் படிவம் ஒன்று உண்டு. முதியவருக்காக 24 தலைப்புகள், பார்த்துக்கொள்பவருக்காக 2. முதியவர் சொல்வது, குடும்பத்தார் சொல்வது, பணியாளர் சொல்வது எல்லாவற்றையும் தனித்தனியே குறிக்க வேண்டும், ஏனென்றால் அவை பல நேரம் ஒத்துப்போவதில்லை. குடும்பத்தார் சாப்பாடு, குளியல், மருந்து என்பார்கள். முதியவர்களைக் கேட்டால், கிடைக்காமல் இருப்பதாக அடிக்கடி சொல்வது பேச்சுத் துணையும், பகலில் செய்ய ஏதாவது ஒரு வேலையும்.

எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது

சட்டைப் பொத்தான் போட பத்து நிமிடம் ஆனாலும் அவரே போடட்டும். ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. கால்களில் மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை கரைந்திருந்தது.

‘புரியலை போல’ என்பது

முதலில் காது மெஷினின் பேட்டரியைப் பாருங்கள்.

குதிகாலைப் பார்க்காமல் போர்த்திவிடுவது

அழுத்தி எடுத்தும் வெளுக்காத சிவப்பு, படுக்கைப் புண்ணின் தொடக்கம். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடு, கடினம், வலி இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். தேய்க்காதீர்கள்.

பார்த்துக்கொள்பவரை மறப்பது

அந்த மகளிடம், கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினீர்கள் என்று கேட்டேன். “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்றார், அப்பாவைப் போலவே. மறுநாள் அவரோடும் உட்கார்ந்தேன். இடுப்பு வலியை நான்கு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. இப்போது வாரத்தில் இரண்டு இரவு தம்பி வந்து அப்பா அறையில் படுத்துக்கொள்கிறார்.