ஈரப்பத சென்சர் எக்ஸாஸ்ட் ஃபேன்: வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லைட் சுவிட்சிலிருந்து ஒரு லைன், கூடவே ஒரு நியூட்ரல். பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நம் பக்கம் பழகிப்போன வயரிங் இது. காற்றில் ஈரம் கூடினால் தானே ஓடும் ஈரப்பத சென்சரும், லைட்டை அணைத்த பிறகும் சற்று நேரம் ஓடவிடும் டைமரும் உள்ள ஃபேனை இப்படி மாட்டினால் லைட்டை அணைத்ததுமே டைமரும் செத்துவிடும். குளித்து வந்தபின் ஓட வேண்டிய ஃபேன் அப்போதே நின்றுபோகும்.

இதற்கு மூன்று வயர் வேண்டும். எல் முனைக்கு சுவிட்ச் வழியாகப் போகாத நிரந்தர ஃபேஸ், எஸ்எல் முனைக்கு லைட் சுவிட்சைத் தாண்டி வரும் ஃபேஸ், என் முனைக்கு நியூட்ரல். எர்த் முனை இருந்தால் பச்சை வயரும் கட்டாயம். சில மாடல்களில் எஸ்எல் இருக்க வேண்டிய இடத்தில் டி என்று இருக்கும். கூட வரும் படத்தைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். எல், எஸ்எல் இரண்டையும் மாற்றிக் கொடுத்தாலும் லைட் போட்டால் ஃபேன் ஓடும் என்பதால் தவறு கண்ணில் படாது. லைட்டை அணைத்த பிறகும் ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால் ஃபேன் நிற்கவே நிற்காது.

பெரிய ஆபத்து வேறு. நிரந்தர ஃபேஸ் பக்கத்தில் கிடைக்கிறதே என்று கீசர் பாயிண்டிலிருந்து இழுப்பார்கள். மூன்று ஃபேஸ் சர்வீஸ் வீட்டில் கீசர் ஒரு ஃபேஸிலும் லைட் இன்னொன்றிலும் இருந்தால், 230 வோல்ட் சர்க்யூட்டுக்குள் 400 வோல்ட் நுழையும்; போர்டு கருகிவிடும். இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரல் கலந்தால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகும். இன்வெர்ட்டர் லைனும் நேர் லைனும் கலப்பதும் இதே வம்புதான். மூன்று வயரையும் லைட்டின் சர்க்யூட்டிலிருந்தே எடுங்கள்: 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 6 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போதும். லைட் சுவிட்ச் ஆஃப் என்றாலும் ஃபேனுக்குள் கரண்ட் இருக்கும். துடைப்பதற்குக்கூட எம்சிபியை இறக்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

அடுத்தது செட்டிங். ஈரப்பதத் திருகை 60 சதவீதத்தில் வைத்தால் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஃபேன் இரவு பகலாக ஓடும். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் வெளிக்காற்றே 80-ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. மழை நாளில், யாரும் குளிக்காத நேரத்தில், ஃபேன் நிற்கும்வரை திருகை மெல்ல ஏற்றி, அதற்குமேல் இம்மி கூட்டி விட்டுவிடுங்கள். பெரும்பாலும் 85-ஐ ஒட்டி நிற்கும். டைமருக்கு 15 நிமிடம் வையுங்கள்; மழைக்காலத்தில் உண்மையில் வேலை செய்வது அதுதான்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும். வயர் நுனியில் பின் லக் (ஊசி போன்ற உலோக முனை) வைத்து, கிரிம்ப் செய்து (கருவியால் இறுக நசுக்கி) மூடிய பெட்டிக்குள் முடியுங்கள். ஓட்டு வீடுகளில் மச்சுக்கு மேலே காற்றைத் திறந்துவிடாதீர்கள், ஓட்டைத் தாங்கும் கழுக்கோல் மரம் உளுத்துப்போகும். பைப்பைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய், மழை அடிக்காத மூடி போடுங்கள்.