டெல்டா போகிறவர்களுக்கு: போன் எப்போது நெட்வொர்க் மாறும், எப்போது மாறாது

வெளிநாட்டு சிம்மோடு வந்து திருச்சியில் இறங்கி போனை ஆன் செய்தால் ஏதாவது ஒரு இந்திய நிறுவனத்தின் பெயர் திரையில் வந்துவிடும். தஞ்சாவூர், கும்பகோணம் வரை பெரும்பாலும் தொல்லை இருக்காது. மெயின் ரோட்டை விட்டு வாய்க்கால் கரையோடு உள்ளே போய், ஊர் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் தெரியும்: உங்கள் போனில் ஒரு கோடு, பக்கத்தில் அத்தை வைத்திருக்கும் சாதாரண போனில் நாலு கோடு. போன் மட்டம் என்று நினைக்க வேண்டாம். அது வேறொரு நிறுவனத்தின் டவரைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

எந்த டவரில் சிக்னல் அதிகமோ அதற்குப் போன் தானாகத் தாவிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரே நிறுவனத்தின் டவர்களுக்கு இடையில் அது உண்மை. ரயிலில் மயிலாடுதுறை போகும்போது பேச்சு அறுபடாமல் டவர் டவராகக் கைமாறுவது அப்படித்தான். நிறுவனம் விட்டு நிறுவனம் தாவுவதற்கு விதி வேறு. ஆன் செய்ததும் போன் கடைசியாக இருந்த நெட்வொர்க்கை முதலில் தேடும். அது இல்லையென்றால் சிம்மின் சொந்த நெட்வொர்க், பிறகு சிம்மில் எழுதி வைத்திருக்கும் முன்னுரிமைப் பட்டியல், அதன் பிறகே மற்றவை. ஒன்றில் பதிவாகிவிட்டால், சிக்னல் ஒரு கோடாகத் தேய்ந்தாலும் அறவே அற்றுப்போகும் வரை அங்கேயே இருக்கும். இடையிடையே மீண்டும் தேடும்தான். ஆனால் அந்தத் தேடல் பட்டியலில் மேலே இருப்பவருக்காக, பலமான டவருக்காக அல்ல. தேடும் இடைவெளியும் சிம்மிலேயே எழுதியிருக்கும்: 6 நிமிடத்தின் மடங்குகளில், 6 நிமிடம் முதல் 8 மணி நேரம் வரை. பட்டியலை எழுதுவது வெளிநாட்டில் உங்களுக்கு சிம் கொடுத்த நிறுவனம். அவர்கள் யாரோடு ஒப்பந்தம் போட்டார்களோ அவர் மேலே இருப்பார். மன்னார்குடிப் பக்கத்து ஒரு தெருவில் யாருக்கு டவர் நன்றாக இருக்கிறது என்பது சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே வெளிநாட்டு சிம்மைக் கையால் மாற்றிவிட வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸ், செல்லுலார், அந்த சிம், நெட்வொர்க் செலக்ஷன் என்று போய் ஆட்டோமேட்டிக்கை அணையுங்கள். சாம்சங்கில் கனெக்ஷன்ஸ், மொபைல் நெட்வொர்க்ஸ், நெட்வொர்க் ஆபரேட்டர்ஸ். பட்டியல் வர இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகலாம், பொறுமையாக இருங்கள். பட்டியலில் பெயர் வந்ததாலேயே அந்த நிறுவனம் உங்களை ஏற்கும் என்று பொருளில்லை. மறுத்தால் அடுத்ததைத் தொடுங்கள்.

மறுப்பிலும் ஒரு கொக்கி உண்டு. “இந்த நெட்வொர்க்கில் உனக்கு அனுமதி இல்லை” என்று ஒரு நிறுவனம் திருப்பி அனுப்பினால், அதன் நெட்வொர்க் எண் சிம்முக்குள் இருக்கும் தடைப் பட்டியலில் ஏறிவிடும். போனை அணைத்துப் போட்டாலும் அது அழியாது. தானியங்கித் தேர்வில் போன் அந்தப் பக்கமே போகாது. நீங்களே தேர்ந்தெடுத்து, அந்த முறை பதிவும் ஆனால்தான் நீங்கும். வந்த அன்று ரோமிங் பேக் போட மறந்து, மறுநாள் போட்ட பிறகும் டவர் எடுக்கவில்லை என்றால் இதையும் செய்து பாருங்கள். “இந்தப் பகுதியில் ரோமிங் இல்லை” என்பது வேறு வகை மறுப்பு. அந்தக் குறிப்பு போனை முழுதாக அணைத்துப் போட்டால் அழியும், அணைக்காவிட்டாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் போய்விடும்.

கையால் தேர்ந்தெடுத்ததை அப்படியே விட்டுவிடாதீர்கள். இந்தியாவைத் தொலைத்தொடர்புக்காக வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஒரு மாநிலம் ஒரு வட்டம். ஒரே நிறுவனத்துக்கு வட்டத்துக்கு வட்டம் நெட்வொர்க் எண் வேறு. ஏர்டெல்லுக்குக் கர்நாடகத்தில் 404 45, சென்னை நீங்கலான தமிழகத்தில் 404 94. பெங்களூரில் இறங்கி அங்கேயே “ஏர்டெல்” என்று தேர்ந்தெடுத்தவர் ஓசூர் தாண்டியதும் சேவை இல்லாமல் நிற்கலாம். திரையில் அதே பெயர்தான், போனுக்கு அது வேறு நெட்வொர்க். ஊர் மாறும்போது தானியங்கிக்குத் திரும்பிவிடுங்கள்.

உள்ளூர் சிம் வாங்கினால்

வெளிநாட்டு சிம்முக்கு இருக்கும் இந்தச் சுதந்திரம் இந்திய சிம்முக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் வாங்கிய ஜியோ சிம் தமிழ்நாட்டுக்குள் பொதுவாக ஜியோ டவரில் மட்டும்தான் நிற்கும். தேசிய ரோமிங் என்பது வட்டம் விட்டு வட்டம் போவதற்கு. கொச்சியில் வாங்கிய சிம் திருவாரூரில் வேலை செய்வது அந்த வகை. இப்போதைய பேக்குகளில் இதற்குத் தனிக்கட்டணம் இல்லை. ஆனால் சில போன்களில் டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் இணையம் வராது, அந்த ஒரு சிம்முக்கு மட்டும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். காரைக்கால் புதுச்சேரி அரசின் கீழ் இருந்தாலும் தொலைத்தொடர்புக்குத் தமிழ்நாடு வட்டம்தான், அங்கே எதுவும் மாறாது.

எனவே சிம் வாங்கும் முன் ஊரில் கேளுங்கள், கடையில் அல்ல. நீங்கள் படுக்கப்போகும் அறைக்குள் யாருடைய போன் பேசுகிறது என்பதே கணக்கு. தடித்த சுவர் ஓட்டுவீட்டில் 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை உள்ளே வரும். 2300, 3500 மொட்டைமாடியில் கொழிக்கும், கூடத்துக்குள் வராது. கோடுகளை நம்ப வேண்டாம், ஒவ்வொரு போனும் அதை ஒவ்வொரு விதமாகக் காட்டும். ஐபோனில் *3001#12345#* போட்டு அழைத்தால், பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* போட்டால் சிக்னலின் பலத்தைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண் கிடைக்கும். மைனஸ் 90 என்றால் நல்லது, மைனஸ் 110 சுமார், மைனஸ் 120-ஐ நெருங்கினால் பேச்சு அறுபடும்.

இன்னொன்று, வெளிநாட்டில் வாங்கிய போன் என்பதால். ஜியோவில் 2ஜி, 3ஜி இரண்டும் கிடையாது. பேச்சே 4ஜி அல்லது 5ஜி வழியாகத்தான் போக வேண்டும். உங்கள் போன் அந்த நிறுவனத்தின் வோல்ட்டியை, அதாவது 4ஜி வழியே பேசும் வசதியை, ஏற்காவிட்டால் இணையம் ஓடும், கால் மட்டும் போகாது. ஏர்டெல்லில் அதே போன் பேசும்போது 2ஜிக்கு இறங்கிவிடும்; கால் போகும், டேட்டா நின்றுவிடும். கடையை விட்டு இறங்கும் முன் ஒரு கால் போட்டு, பேசிக்கொண்டே ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அமெரிக்காவில் வாங்கிய ஐபோன் 14-லும் அதற்குப் பிந்தியவற்றிலும் சிம் போடும் இடமே இல்லை, போனுக்குள்ளேயே பதியும் இ-சிம்தான் கேட்க வேண்டும். தவணை முடியாமல் லாக் ஆகியிருக்கும் போன் எந்த இந்திய சிம்மையும் ஏற்காது. அதைப் புறப்படும் முன்பே சரிசெய்ய வேண்டும்.

இரண்டு சிம்மும் போட்டிருப்பவர்கள் பணம் இழப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில். இந்திய சிம்மில் சிக்னல் குறைந்தால் டேட்டாவை மற்ற சிம்முக்குத் தானாகத் திருப்பும் ஒரு வசதி ஐபோனில் இருக்கிறது: செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங். அதை அணையுங்கள், வெளிநாட்டு சிம்மில் டேட்டா ரோமிங்கையும் அணையுங்கள். வங்கி ஓடிபி வருவதற்கு டேட்டா தேவையில்லை.

புயல் நாளில்

ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. இப்படிப்பட்ட நாளில் சாயாத டவரும் மின்சாரம் போய், பேட்டரி தீர்ந்து, டீசல் வராமல் ஓய்ந்துவிடும். அதனால் பேரிடர் சமயத்தில் ஒரே வட்டத்துக்குள் ஒருவர் டவரை மற்றவர் வாடிக்கையாளரும் பயன்படுத்தும்படி அரசு திறந்துவிடுவதுண்டு. 2023-இல் பிபர்ஜாய் புயலின்போது குஜராத்தில் அப்படிச் செய்தார்கள். அறிவிப்பு வந்தும் உங்கள் போன் அசையாமல் இருக்கலாம். மற்ற நிறுவனங்கள் முன்பே மறுத்து, மேலே சொன்ன தடைப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். மேனுவலில் போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். “அவசர அழைப்பு மட்டும்” என்று காட்டினாலும் 112 எந்த நிறுவனத்தின் டவர் வழியாகவும் போகும். 108-ஐ வெளிநாட்டுப் போன் அவசர எண்ணாக அறியாமல் போகலாம், அந்த நேரத்தில் 112-தான்.

நாகையிலிருந்து கப்பலில்

நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலில் ஏறுகிறவர்கள் துறைமுகத்திலேயே இரண்டு சிம்மிலும் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். நடுக்கடலில் டவர் இருக்காது. போன் இடைவிடாமல் தேடிக்கொண்டே பேட்டரியைத் தின்னும், ஏர்பிளேன் மோடில் போடுவது நல்லது. அந்தக் கரையில் முதலில் அகப்படுவது 413 என்று தொடங்கும் இலங்கை நெட்வொர்க். இந்திய ப்ரீபெய்டு சிம்முக்கு அங்கே தனியாகச் சர்வதேச ரோமிங் பேக் வேண்டும், அதை நாகையில் டவர் இருக்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள்.