பாய்க்கடை ஆர்டர் நோட்டை டேட்டாபேஸில் ஏற்றுவோம்: ஓஆர்எம் முதல் பாடம்

பத்தமடையில் கோரைப்பாய் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கல்யாணத்துக்குப் பட்டுப்பாய் கேட்டு ஆர்டர் வரும். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தரவேண்டும். யார் கேட்டார்கள், என்ன பெயர்கள், விலை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதெல்லாம் நோட்டில் இருக்கிறது. இதைப் பைத்தான் புரோகிராமாக எழுதி டேட்டாபேஸில் சேமிக்கப் போகிறோம்.

புரோகிராமில் ஓர் ஆர்டர் என்பது ஓர் ஆப்ஜெக்ட். அது வாடிக்கையாளர் என்ற இன்னொரு ஆப்ஜெக்டை நேராகச் சுட்டலாம். ஆனால் 1970-இல் எட்கர் காட் முன்வைத்த ரிலேஷனல் முறையில் டேபிள்களும் வரிசைகளும்தான் உண்டு. ஆர்டர் வரிசையில் வாடிக்கையாளரின் ஐடி எண்ணை எழுதிவைக்கலாம், அவ்வளவுதான். இந்த இரண்டு வடிவங்களுக்கும் நடுவே மாற்றிக்கொடுக்கும் வேலையை ஓஆர்எம் (ஆப்ஜெக்ட்-ரிலேஷனல் மேப்பர்) செய்கிறது. ஜாவாவில் ஹைபர்நேட் இருக்கிறது, பைத்தானின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவுக்குச் சொந்தமாகவே ஒன்று இருக்கிறது. இங்கே பைத்தானுக்கான எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற ஓஆர்எம்மைப் பயன்படுத்துவோம்.

படி 1: தயாரிப்பு

பைத்தானின் இன்ஸ்டால் கருவியான பிப் மூலம் எஸ்க்யூஎல்ஆல்கெமியை இன்ஸ்டால் செய்யுங்கள். டேட்டாபேஸுக்கு எஸ்க்யூலைட் போதும்; பைத்தானோடு சேர்ந்தே வருவதால் தனி சர்வர் வேண்டாம். டேட்டாபேஸோடு இணைக்கும் என்ஜினை உருவாக்கும்போது எக்கோ என்ற ஆப்ஷனை ட்ரூ என்று வையுங்கள். டேட்டாபேஸுக்கு ஓஆர்எம் அனுப்பும் ஒவ்வொரு எஸ்க்யூஎல் கட்டளையும் திரையில் ஓடும். பலர் இதைத் தொந்தரவு என்று அணைத்துவிடுகிறார்கள். படிக்கிற காலத்தில் அணைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பது கடைசிப் படியில் புரியும்.

படி 2: கிளாஸ்கள்

வாடிக்கையாளர், ஆர்டர் என்று இரண்டு கிளாஸ் எழுதுங்கள். பைத்தான் 3-இல் கிளாஸ் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். வாடிக்கையாளருக்கு ஐடி, பெயர், ஊர். ஆர்டருக்கு ஐடி, விலை, தேதி, நெய்யவேண்டிய பெயர்கள். சாதாரணப் பாய்க்குப் பெயர் இருக்காது என்பதால் அந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருக்க அனுமதியுங்கள். விலையைத் தசமமாக வைக்காமல், பைசாக் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள்.

அப்புறம் இரண்டையும் இணைக்கவேண்டும். ஆர்டர் கிளாஸில் வாடிக்கையாளர் ஐடி என்று ஒரு ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் கட்டம்) போடுங்கள், அது டேபிளுக்கு. அதோடு ஓர் ஆப்ஜெக்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக இரண்டு கிளாஸிலும் ரிலேஷன்ஷிப் போடுங்கள். அது நம் புரோகிராமுக்கு. இரண்டும் வேண்டும். ஒன்று கவனியுங்கள்: எஸ்க்யூலைட் ஃபாரின் கீயை வழக்கமாகச் சரிபார்ப்பதில்லை. ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் பிராக்மா கட்டளை கொடுத்து அதை இயக்கவேண்டும்.

படி 3: சேமித்தல்

கிரியேட் ஆல் என்று அழைத்தால் டேபிள்கள் உருவாகிவிடும். சரி, இப்போது அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர் பட்டுப்பாய் கேட்கிறார். வாடிக்கையாளர் ஆப்ஜெக்டை உருவாக்கி, அவருடைய ஆர்டர் பட்டியலில் ஓர் ஆர்டரைச் சேர்த்து, வாடிக்கையாளரை மட்டும் செஷனில் (ஆப்ஜெக்ட்களையும் மாற்றங்களையும் ஓஆர்எம் நினைவில் வைத்திருக்கும் இடம்) ஆட் செய்யுங்கள். திரையைப் பாருங்கள்: வரிசை சேர்க்கும் இன்சர்ட் கட்டளை இன்னும் எதுவும் போகவில்லை. ஐடியைக் கேட்டால் நன் (None, அதாவது மதிப்பு இல்லை) என்றுதான் வரும்.

கமிட் கொடுத்ததும்தான் வேலை நடக்கிறது. முதலில் வாடிக்கையாளர் வரிசை, பிறகு அதற்குக் கிடைத்த ஐடியோடு ஆர்டர் வரிசை. எது முன்னால் போகவேண்டும் என்ற ஒழுங்கை ஓஆர்எம்மே கண்டுபிடிக்கிறது. நடுவில் பிழை வந்து ரோல்பேக் (மாற்றங்களைக் கைவிடுதல்) ஆனால் இரண்டுமே ஏறாது.

படி 4: எடுத்தல்

இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். எல்லா ஆர்டர்களையும் செலக்ட் கட்டளை மூலம் எடுத்து, லூப்பில் ஒவ்வோர் ஆர்டருக்கும் வாடிக்கையாளரின் ஊரை அச்சிடுங்கள். பதில் சரியாகவே வரும். ஆனால் எக்கோ காட்டுவதைப் படியுங்கள். ஆர்டர்களுக்கு ஒரு செலக்ட். அதன்பின் பாளையங்கோட்டைக்காரருக்கு ஒன்று, மேலப்பாளையத்துக்காரருக்கு ஒன்று, கல்லிடைக்குறிச்சிக்காரருக்கு ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். வெவ்வேறு வாடிக்கையாளர்களின் 200 ஆர்டர்கள் இருந்தால் டேட்டாபேஸுக்கு 201 கேள்விகள் (க்வெரிகள்). தொட்டபோதுதான் எடுத்துவரும் இந்தப் பழக்கத்துக்கு லேஸி லோடிங் என்று பெயர். ஒரே ஆள் பத்து ஆர்டர் கொடுத்திருந்தால் அவருக்கு ஒரே கேள்விதான். செஷன் அவரை ஏற்கெனவே நினைவில் வைத்திருக்கும்.

தீர்வு ஒரே வரி. செலக்டோடு ஜாயின்டு லோடு என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் இரண்டு டேபிளையும் ஜாயின் செய்து ஒரே கேள்வியில் எல்லாம் வந்துவிடும். திசை மாறி, வாடிக்கையாளர்களை எடுத்து அவர்களின் ஆர்டர்களைக் காட்டுவதானால் செலக்ட்டின் லோடு பொருத்தம். ஆப்ஷனைச் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டி, திரையில் வரும் செலக்ட்களை எண்ணிப் பாருங்கள். இதற்காகத்தான் எக்கோவை அணைக்கவேண்டாம் என்றேன்.

பின்னால் ஆர்டரில் முன்பணம் என்ற கட்டத்தைச் சேர்க்கத் தோன்றும். கிளாஸில் சேர்த்தால் மட்டும் போதாது, ஏற்கெனவே இருக்கும் டேபிளைக் கிரியேட் ஆல் மாற்றாது. பயிற்சியில் டேட்டாபேஸ் ஃபைலை அழித்துவிட்டுப் புதிதாக ஓட்டலாம். கடையின் உண்மையான ஆர்டர்கள் ஏறிவிட்டால் அலெம்பிக் என்ற கருவியால், இருக்கும் டேபிளை மாற்றும் மைக்ரேஷன் எழுதுங்கள். அதற்கு முன் ஃபைலை ஒரு நகல் எடுத்துவையுங்கள்.