ரோமானியப் படைவீரர் மினியேச்சர் சேகரிப்பு: முதலில் ஆண்டு, பிறகு பெட்டி

வீரர் உருவங்கள் அடங்கிய பெட்டி வாங்குவதற்கு முன்பே ஓர் ஆண்டையும் ஓர் இடத்தையும் முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சீசர் காலத்து வீரனையும் டிராஜன் காலத்து வீரனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கவசம், வாள், தலைக்கவசம் எதுவும் ஒத்துப்போகாது; இருவருக்கும் நடுவில் நூற்றைம்பது ஆண்டுகள் கிடக்கின்றன. பெட்டியின் மேல் "ரோமானியர்" என்று மட்டும் போட்டிருப்பார்கள். ஆண்டு கையில் இருந்தால், படத்தைப் பார்த்தே வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது கி.பி. 43, பேரரசர் கிளாடியஸ் காலத்தில் பிரிட்டன் மீது நடந்த படையெடுப்பு. பழைய வகைக் கருவிகளும் புதிய வகைக் கருவிகளும் ஒரே அணியில் கலந்திருந்த காலம் அது. அதனால் கலவையான பெட்டியிலும் பாதிக்கு மேல் தேறும். கடைகளில் அதிகம் கிடைப்பதும் முதல் நூற்றாண்டு வீரர்கள்தான்.

ஆண்டைக் காட்டிக்கொடுக்கும் இடங்கள்

முதலில் மார்பைப் பாருங்கள். இரும்புப் பட்டைகளை அடுக்கிய கவசம், அதாவது லோரிகா செக்மெண்டாட்டா, ரோமானியன் என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது. ஆனால் சீசர் கால் நாட்டில் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நடத்திய போரில் (கி.மு. 58–50) அது கிடையாது, அங்கே சங்கிலிக் கவசம்தான். பட்டைக் கவசத்தின் ஆரம்ப வடிவம் ஜெர்மனியில் கால்க்ரீஸ் போர்க்களத்தில் கிடைத்திருக்கிறது. கி.பி. 9இல் ரோமானியத் தளபதி வாருஸின் மூன்று லெஜியன்கள் (ரோமானியப் படையின் பெரும் பிரிவுகள்) அழிந்ததோடு தொடர்புடைய களம் அது. நாம் படங்களில் பார்த்துப் பழகிய, தோளில் பித்தளைக் கீல்கள் வைத்த வடிவம் முதல் நூற்றாண்டின் நடுவில் வந்தது. இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில் 1964இல் ஒரு மரப்பெட்டிக்குள் அதன் பாகங்கள் கிடைத்ததால் அந்த ஊர்ப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. பட்டைக் கவசம் வந்த பிறகும் சங்கிலிக் கவசம் ஒழியவில்லை. ஆகவே கி.பி. 43 அணியில் இரண்டும் கலந்து நிற்பது சரியே.

பேரரசர் டிராஜன் டேசியாவில் (இன்றைய ருமேனியா) நடத்திய போரைச் சிற்பமாகக் காட்டும், ரோமில் கி.பி. 113இல் திறக்கப்பட்ட டிராஜன் தூணை நம்பிப் பலர் "லெஜியன் வீரன் என்றால் பட்டைக் கவசம், துணைப்படை வீரன் என்றால் சங்கிலிக் கவசம்" என்று வகுத்துவிடுகிறார்கள். சிற்பி இரண்டு கூட்டத்தையும் பார்த்தவுடன் பிரித்தறியச் செய்த ஏற்பாடு அது. அதே போரை நினைவுகூர்ந்து ருமேனியாவின் ஆடம்கிளிசியில் எழுப்பிய வெற்றிச் சின்னத்தில் லெஜியன் வீரர்களே சங்கிலிக் கவசமும் செதில் கவசமும் போட்டு, வலக்கையில் பட்டை உறையும் மாட்டி நிற்கிறார்கள். டேசியப் போர் அணி சேர்ப்பவர்கள் ஆடம்கிளிசியைப் பார்க்காமல் பெட்டி வாங்கக் கூடாது.

அடுத்தது தலைக்கவசம். உச்சியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு இரும்புப் பட்டைகள் சிலுவைபோல் ஓடினால் அது டிராஜனின் டேசியப் போர்க் காலத்தில் (101–106) சேர்ந்த பாதுகாப்பு. அது கி.பி. 43 அணியில் இருந்தால் தவறு. சிறிய மினியேச்சரில் ஒரு கூரான கத்தியால் அந்தப் பட்டையைச் சீவி, உப்புத்தாளில் தேய்த்தால் போய்விடும். எனவே அந்த ஒரு குறைக்காக நல்ல பெட்டியை ஒதுக்க வேண்டாம்.

வாள் எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் நூற்றாண்டுச் சாதாரண லெஜியன் வீரனுக்குக் கிளேடியஸ் (gladius) என்னும் குட்டை வாள் வலப்பக்கம், செஞ்சூரியனுக்கு (செஞ்சூரி என்னும் எண்பது பேர் பிரிவின் தலைவன்) இடப்பக்கம். தலைக்கவசத்தில் காதுக்குக் காது குறுக்காக நிற்கும் கொண்டை செஞ்சூரியனுக்கு மட்டும் உரியது. கையில் திராட்சைக்கொடித் தடியும் இருக்க வேண்டும். வாளின் அலகு இடையில் ஒடுங்கி நீண்ட கூர்முனையோடு இருந்தால் மைன்ஸ் வகை, முற்காலம். இரு விளிம்பும் நேராக ஓடிக் குட்டையான முனையில் முடிந்தால் பாம்பேய் வகை, நூற்றாண்டின் நடுவிலிருந்து.

முன்கையில் தோல் பட்டை கட்டிய உருவங்களை ஒதுக்கிவிடுங்கள். அது திரைப்படத்தில் வந்த வழக்கம். சாதாரணச் சிப்பாய்க்குத் தோலில் செய்த மார்பு வடிவக் கவசம் போட்டிருப்பதும் அப்படித்தான். தசை வடிவக் கவசம் உயர் அதிகாரிகளுக்கு உரியது.

கழுகுக்கொடியில்தான் பெட்டிகள் அதிகம் தவறுகின்றன. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் கொண்ட ஒரு முழு லெஜியனுக்கு ஒரே ஒரு கழுகு. இருபது பேர் பெட்டியில் ஒரு கழுகு வரும். ஐந்து பெட்டி வாங்கினால் ஐந்து கழுகுகள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவர்களின் கம்பத்தில் செஞ்சூரிக்குரிய வட்டத் தட்டுகளை அடுக்கிச் சிக்னிஃபெர் (செஞ்சூரியின் கொடிதாங்கி) ஆக்கிவிடலாம். கொடிகளின் வடிவத்துக்கு மார்க் ஆண்டனி கி.மு. 32–31இல் அடித்த வெள்ளிக் காசுகளைப் பாருங்கள்: நடுவில் கழுகு, இரு பக்கமும் கொடிக்கம்பம், அந்தச் சின்ன வட்டத்துக்குள் தட்டுகள் வரை தெளிவாக இருக்கும். இன்னொன்று, 17, 18, 19 ஆகிய எண்கள் கொண்ட லெஜியன்கள் கி.பி. 9இல் அழிந்தபின் மறுபடி எழுப்பப்படவில்லை. கி.பி. 43 கேடயத்தில் அந்த எண்களை எழுதாதீர்கள்.

அளவு அட்டை

பொதுவாகக் கிடைக்கும் அளவுகள் மூன்று: 1:72 (அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு), 28 மி.மீ., 54 மி.மீ. (இவை ஆளின் உயரம்). முதலாவதில் ஆள் சுமார் 23 மி.மீ. உயரம், இரண்டாவது ஏறத்தாழ 1:60, மூன்றாவது 1:32. ஒரே அலமாரியில் இவற்றைக் கலக்காதீர்கள்.

உருவத்தின் முகம் அழகாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடுவோம். ஆயுதத்தின் நீளத்தைத்தான் அளக்க வேண்டும். ஒரு கெட்டி அட்டையில் இந்த அளவுகளைக் கோடு கிழித்து வைத்துக்கொண்டால் வெர்னியர் அளவுகோல் இல்லாமலே வேலை நடக்கும். பைலம் ஈட்டி சுமார் 2 மீட்டர்: 1:72இல் 28 மி.மீ., 28 மி.மீ. உருவத்தில் 33, 54 மி.மீ. உருவத்தில் 62. ஆளைவிடக் கொஞ்சம் உயரம் என்று நினைவில் வைத்தால் போதும். கிளேடியஸ் அலகு 50 செ.மீ. என்று கொண்டால் முறையே 7, 8, 16 மி.மீ. செவ்வகக் கேடயத்துக்குச் சிரியாவின் டூரா யூரோப்பஸில் கிடைத்த மூன்றாம் நூற்றாண்டுக் கேடயத்தை அளவாகக் கொள்ளலாம்: சுமார் 105 செ.மீ. உயரம், அது முறையே 14.5, 17.5, 33 மி.மீ. ஆகும். குடியரசுக் காலத்து நீள்வட்டக் கேடயம் இதைவிடப் பெரியது. எகிப்தின் ஃபயூமில் கிடைத்தது 128 செ.மீ. உயரம், மெல்லிய மரப்பட்டைகளை மூன்று அடுக்காக ஒட்டியது.

28 மி.மீ. உருவங்களில் தலையும் கையும் வாளும் பருமனாகவே இருக்கும். மேசை விளையாட்டுக்காகச் செய்வதால் அப்படி. நீளம் சரியாக இருந்தால் பருமனைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எத்தனை பேர் வாங்குவது? கூடாரத்துக்கு எட்டுப் பேர், செஞ்சூரிக்கு எண்பது பேர் என்பது படையின் கணக்கு. எட்டு வீரர், ஒரு செஞ்சூரியன், ஓர் ஆப்டியோ (செஞ்சூரியனுக்கு அடுத்த நிலை அதிகாரி), ஒரு சிக்னிஃபெர், ஒரு கொம்பு ஊதுபவர் என்று பன்னிரண்டு பேரோடு தொடங்குங்கள். பன்னிரண்டையும் முடித்துவிட்டு அடுத்த பெட்டியைப் பிரியுங்கள்.

எந்தப் பொருளில் வாங்குவது

1:72 பெட்டிகள் பெரும்பாலும் வளையும் மென்பிளாஸ்டிக். விலை குறைவு, ஆனால் ஈட்டி வளைந்தே வரும். கொதித்து இறக்கிய தண்ணீரில் அரை நிமிடம் முக்கி, விரலால் நேராக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். பிளாஸ்டிக் கரைத்து ஒட்டும் பசை இதில் பிடிக்காது. 28 மி.மீ.இல் விக்ட்ரிக்ஸ், வார்லார்ட் போன்ற நிறுவனங்களின் கெட்டி பிளாஸ்டிக்குக்கு அந்தப் பசைதான் சரி. தலை, கை, கேடயம் தனித்தனியாக வருவதால் ஆண்டுக்கு ஏற்ற தலைக்கவசத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். துல்லியம் பார்ப்பவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. உலோக உருவங்களின் கையை ஃபெவிக்விக் மட்டும் தாங்காது, அரை மி.மீ. துளை போட்டுக் கம்பி செருகி ஒட்டுங்கள். இடைவெளிக்கு எம்சீல் போதும்.

நம்ம ஊர் வெயிலிலும் சாரலிலும் வண்ணம்

முதலில் சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய் ஒட்டியிருந்தால் வண்ணம் உரிந்துவிடும். மென்பிளாஸ்டிக்குக்கு ஃபெவிகாலைச் சம பங்கு தண்ணீரில் கலந்து மெல்லிய ஒரு கை பூசிக் காயவிட்டு, அதன் மேல் வண்ணம் அடித்தால் ஈட்டி வளையும்போது வெடிக்காது.

பிரைமர் ஸ்ப்ரேயில்தான் பருவம் பார்க்க வேண்டும். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் விழும் ஆனி, ஆடியில் அடித்தால் ஈரம் கோத்துப் பால்போல் வெளுக்கும். கிழக்கே திருச்செந்தூர், தூத்துக்குடிக் கடற்கரையில் அதிகாலை அடித்தாலும் இதே கதைதான். பாளையங்கோட்டைப் பக்கம் ஆடிக் காற்று தூசியைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். வண்ணமும் பாதி வழியிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும். காலை பத்து, பதினொரு மணிக்கு, ஒரு பெரிய அட்டைப்பெட்டியைச் சாய்த்து வைத்து அதற்குள் அடியுங்கள். 20–25 செ.மீ. தூரம், மெல்லியதாக இரண்டு முறை, நடுவில் கால் மணி நேரம். ஆட்டோ கடைப் பிரைமர் கெட்டி பிளாஸ்டிக்கை அரிக்கக்கூடும் என்பதால் முதலில் பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டில் அடித்துப் பாருங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் அக்ரிலிக் தூரிகை நுனியிலேயே காய்ந்துபோகும். பழைய டிபன் பாக்ஸில் ஈரப் பஞ்சைப் பரப்பி, மேலே பட்டர் பேப்பர் வைத்து அதில் வண்ணம் எடுத்தால் மாலைவரை தாங்கும். கலக்கக் கேன் தண்ணீர் எடுங்கள். திசையன்விளை, ராதாபுரம் பக்கத்துப் போர்வெல் தண்ணியில் காய்ந்தபின் உப்புப் பூத்து வெள்ளைப் புள்ளி தெரியும்.

பட்டைக் கவசத்தைப் பளபளக்கும் வெள்ளியாக அடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அது இரும்பு. கருமை கலந்த இரும்பு வண்ணத்தை முதலில் அடியுங்கள். காய்ந்ததும் கறுப்பும் பழுப்பும் கலந்து நன்றாக நீர்த்த வண்ணத்தைப் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே ஓடவிடுங்கள். அது தானாகவே பள்ளத்தில் இறங்கிக் கோடு போடும். பள்ளத்தில் தேங்கி நின்றால் ஈரமான சுத்தத் தூரிகையால் உறிஞ்சி எடுங்கள். விட்டால் விளிம்பில் வளையம்போல் கறை படியும். கடைசியாக, தூரிகையில் எஃகு வண்ணத்தைத் தொட்டுத் துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, பட்டைகளின் மேல் விளிம்பில் மட்டும் இழுங்கள். பித்தளை நிறம் கீல், கொக்கி, இடுப்புப் பட்டைத் தகடு, கேடயத்தின் விளிம்பு ஆகிய இடங்களில் புள்ளி புள்ளியாக மட்டும்.

கவசத்துக்குள் போடும் சட்டைக்குச் சிவப்பும் சாயமிடாத வெள்ளையும் இரண்டுமே பொருந்தும். எதை எடுத்தாலும் பன்னிரண்டு பேருக்கும் ஒரே நிறம் அடிக்காதீர்கள். தாவரச் சாயம் ஒவ்வொரு தொட்டியிலும் ஒவ்வொரு சாயலில் ஏறும், வெயிலில் வெளுக்கும். செங்கல் நிறம், மங்கிய சிவப்பு, பழுப்பேறிய வெள்ளை என்று மாற்றி மாற்றி அடியுங்கள்.

அடிப்பலகைக்கு மணல் ஒட்டும்போது அளவுக் கணக்கை மறந்துவிடுவார்கள். 1:72இல் ஒரு மி.மீ. மணல் என்பது 7 செ.மீ. கல். தேரி மணல் நல்ல மென்மை. டீ வடிகட்டியில் சலித்தால் இன்னும் நன்று. ஆனால் அந்தச் சிவப்பு பிரிட்டனுக்கு ஆகாது, மேலே பழுப்பும் பச்சையும் அடித்தாக வேண்டும். கடற்கரை மணல் என்றால் இரண்டு மூன்று தண்ணீரில் உப்புப் போகக் கழுவுங்கள்.

கொற்கைக் காட்சி செய்ய நினைப்பவர்களுக்கு

நம்ம நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்தில் இந்த ஆசை வராத சேகரிப்பாளர் அபூர்வம். பாண்டியர் துறைமுகமான கொற்கையின் முத்துக்குளிப்பைப் பெரிப்ளஸ் என்னும் பழைய கிரேக்கக் கடல்வழிக் கையேடு சொல்கிறது. ரோமானியக் காசுகள் தமிழ்நாட்டில் பல இடங்களில் கிடைத்திருக்கின்றன. அதற்காகத் துறையில் லெஜியன் வீரர்களை வரிசையாக இறக்காதீர்கள். தமிழகத்துக்கு வந்தது வணிகம். எந்த லெஜியனும் இங்கே வந்து இறங்கியதில்லை. இந்தியாவுக்கு வரும் கப்பல்களில் கடற்கொள்ளையருக்குப் பயந்து வில்வீரர்களை ஏற்றினார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். எனவே கப்பலும், மேலே நாலைந்து வில்வீரர்களும், கீழே வணிகர்களும் என்றால் நியாயமான காட்சி. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர்கள் வருகிறார்கள். மெய்ப்பையும் சாட்டையும்தான் அங்கே சொல்லப்படுவன. அவர்களுக்குப் பட்டைக் கவசம் மாட்டப் பாட்டில் இடமில்லை. கம்பளிச் சட்டை போட்ட சாதாரண உருவத்தை எடுத்து, மெல்லிய செம்புக் கம்பியை முறுக்கிக் கையில் சாட்டையாக வைத்தால் பாட்டுக்குப் பொருந்தும்.

வைக்கும் இடம்

பூச்சிக்குப் பயந்து அலமாரியில் பாச்சா உருண்டை போடாதீர்கள். அதன் ஆவி கெட்டி பிளாஸ்டிக்கை இளக்கிப் பிசுபிசுக்க வைக்கும். பழைய ஈய உருவங்களை பிளைவுட், எம்டிஎஃப் அலமாரியில் மூடி வைத்தால் மரத்திலிருந்து வரும் அமில ஆவியில் வெள்ளைப் பொடி பூத்து, உலோகம் உள்ளிருந்தே உதிரும். கண்ணாடி, இரும்பு அலமாரியில் காற்றோட்டம் விட்டு வையுங்கள். அந்தப் பொடியைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர்கள். முப்பரிமாண அச்சில் பிஎல்ஏ இழையால் வந்த உருவங்களைச் சித்திரை, வைகாசியில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போனால் ஈட்டியும் காலும் வளைந்துவிடும். ரெசின் உருவங்களை ஜன்னல் வெயில் படாத தட்டில் வையுங்கள். வெயில் படப்பட அவை நொறுங்கும். ஒவ்வொரு அடிப்பலகையின் அடியிலும் நீங்கள் முடிவு செய்த ஆண்டு, அளவு, பெட்டியின் பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். பின்னால் அதே அணிக்கு ஆள் சேர்க்கும்போது தேட வேண்டியிருக்காது.