கோயிலை வைத்து சுவீடிஷ்: பெயர்ச்சொல்லைச் சுற்றி வாக்கியம் கட்டுவது

மதுரையில் உட்கார்ந்து சுவீடிஷ் படிப்பவர்கள், மேல்படிப்போ வேலையோ கல்யாணமோ காரணம் எதுவானாலும், ஆயிரம் வார்த்தை மனப்பாடம் ஆன பிறகும் "கோயில் இருக்கு, பெருசு" என்று மொட்டையாகத்தான் எழுதுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரே பெயர்ச்சொல்லைப் பிடித்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப் பழகியதில்தான் வழி தெரிந்தது.

முதலில் சொல்லை அதன் இலக்கணப் பாலோடு, அதாவது "என்" வகையா "எத்" வகையா என்பதோடு, சேர்த்துப் படியுங்கள். "எத் தெம்பெல்" என்றால் ஒரு கோயில், "என் ஃப்ளூட்" என்றால் ஒரு ஆறு. (இந்த "என்" நம்ம "என்" இல்லை, எனது என்பதற்கு அங்கே மின் அல்லது மித்.) ஏறக்குறைய முக்கால்வாசிப் பெயர்ச்சொற்கள் "என்" வகைதான். குறிப்பிட்ட அந்தக் கோயில் என்றால் ஒட்டு வாலில் வரும்: தெம்ப்லெத், ஃப்ளூடென். கோயிலை, கோயிலுக்கு என்று வாலில் ஒட்டியே வளர்ந்த நமக்கு இது சுலபம்.

சிக்கல் பெயரடையில். நம்ம "பெரிய" யாருக்காகவும் மாறாது. அங்கே ஆறு என்றால் "என் ஸ்தூர் ஃப்ளூட்", கோயில் என்றால் "எத் ஸ்தூர்ட் தெம்பெல்", பன்மை என்றால் ஸ்தூரா. குறிப்பிட்ட பெரிய கோயில் என்றாலோ "தே ஸ்தூரா தெம்ப்லெத்": முன்னால் ஒரு "தே", பின்னால் ஒரு "எத்", ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் நான் ஒன்றைப் போட்டால் இன்னொன்றை விட்டுவிடுவேன். நன்றாகப் பேசுபவர்களே வழுக்குகிற இடம், அதனால் மனசு விட வேண்டாம். அப்புறம் "என் பெரிய வீடு" என்றால் "மித் ஸ்தூரா ஹூஸ்": வால் போய்விடும், ஸ்தூரா மட்டும் நிற்கும். ஏன் என்று கேட்காமல் எழுதிப் பழகுவதே நல்லது.

வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மொழி கற்றலை ஆராயும் பீனமன், ஹோகன்சன் இருவரும் 1999இல் எழுதிய ஆய்வுக் கட்டுரைப்படி, சுவீடிஷ் கற்பவருக்கு முதலில் சொல்லின் வால், பிறகு "பெரிய வீடு" போன்ற தொடருக்குள் இணக்கம் (பெயர்ச்சொல்லுக்கு ஏற்பப் பெயரடை மாறுவது), அதற்கும் பிறகே "வீடுகள் பெரியவை" போல எழுவாயைத் தாண்டிய இணக்கம் வருகிறது.

கூட்டுச்சொல்லுக்கு பயமே வேண்டாம். கல் + வீடு கல்வீடு ஆவது போல ஸ்தேன் + ஹூஸ், ஸ்தேன்ஹூஸ். பாலைக் கடைசிச் சொல் தீர்மானிக்கும், ஆகவே "எத்".

"நேற்று நான் பார்த்த கோயில்" என்று நாம் எல்லாவற்றையும் முன்னால் அடுக்குவோம், அவர்கள் பின்னால் தொங்கவிடுவார்கள்: "தெம்ப்லெத் சோம் யாக் சோக் இகோர்". நடுவில் "ஆற்றங்கரை" என்பதையும் நுழைத்தால் நேற்றுப் பார்த்தது கோயிலையா ஆற்றையா என்று குழப்பம் வரும், ஆரம்பத்தில் ஒன்றோடு நிறுத்துங்கள்.

தினம் ஒரு பெயர்ச்சொல், ஐந்து நீளத்தில் எழுதுங்கள். ஆற்றிலிருந்து தொடங்கலாம்: "தென் தோரா ஃப்ளூடென்", வறண்ட அந்த ஆறு. வைகைப் பாலத்தில் நின்று எழுதினால் வருஷத்தில் பல மாதம் பொய் சொன்னதாகவும் ஆகாது.