சாணக்குழி எத்தனை வீட்டுக்கு?

பொகவந்தலாவையில் இரண்டு மாடு வளர்க்கிறேன். பட்டி கழுவிய தண்ணி கானில் இறங்கி ஓடைக்குப் போகும். ஓடை கெசல்கமு ஓயாவில் சேர்ந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகும். கீழ் லயத்து அக்கா ஒருவர் வாசலில் வந்து நின்று, "பீலித் தண்ணியில சாணி வாடை அடிக்குது தங்கச்சி" என்றார். அன்றைக்கே கொப்பியும் பேனையும் எடுத்தேன்.

முதலில் காசில்லாத வேலையை முடியுங்கள். தண்ணி ஊற்றும் முன் சாணத்தை வழித்து வாளியில் அள்ளுங்கள். கூரைத் தண்ணி பட்டிக்குள் விழாமல் திருப்பி விடுங்கள். அழுக்கில் பெரும்பங்கு இதிலேயே நின்றுவிடும். மிச்சத்தை நிறுத்தத்தான் கேஸ் குழி, அதாவது சாணக் கரைசலை மூடி நொதிக்க வைத்து அடுப்புக்குக் கேஸ் எடுக்கும் குழி. அங்கேதான் செலவு ஏறும்.

மாட்டுக்கு ஒரு நாளைக்கு 12 கிலோ சாணம் என்று வைத்தேன். நீங்கள் உங்கள் வாளியை நிறுத்துப் பாருங்கள். மேயப் போகும் மாடென்றால் பட்டியில் குறைவாகத்தான் கிடைக்கும். அதே அளவு தண்ணி கலந்தால் இரண்டு மாட்டுக்கு 48 லீற்றர். நம் குளிரில் கரைசல் மெதுவாகத்தான் நொதிக்கும். 60 நாள் உள்ளே நிற்க 2,880 லீற்றர் இடம் வேண்டும். நாலு வீடு, எட்டு மாடு என்றால் 11,520 லீற்றர். கொள்ளளவு நாலு மடங்கு ஆகிறது. ஆனால் கல்லும் சீமெந்தும் போவது சுவருக்கு. அதே வடிவில் பெரிதாகக் கட்டினால் சுவர்ப் பரப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்குதான் ஆகும். மாடு ஒன்றுக்கு விழும் சுவர்ச் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. பால் கறக்க இரண்டு மாடு போதும் எனக்கு. தனியாகக் குழி கட்டத்தான் அது காணாது.

அப்படியானால் எட்டு வீட்டைச் சேர்க்கலாமே? ஐந்தாவது வீடு எங்களுக்குக் கீழே, படிக்கட்டுக்கு அந்தப் பக்கம். 24 கிலோவை மேலே சுமக்கத் தினமும் அரை மணி நேரம், மாதம் 15 மணி நேரம். நாள் முழுக்கக் கொழுந்தெடுத்துவிட்டு வருகிறவளுடைய அந்த நேரத்துக்கும் விலை போடுங்கள். சுவரில் மிஞ்சும் காசை அது தாண்டினால் அந்த வீட்டைச் சேர்க்காமல் நாலோடு நிறுத்துங்கள். கீழே இருப்பவர்கள் சேர்ந்து வேறொரு குழி கட்டட்டும்.

செலவை வீட்டுக் கணக்கில் பிரிக்காமல் மாட்டுக் கணக்கில் பிரியுங்கள். மாட்டை விற்றால் அந்தப் பங்கு யாருக்கு என்பதையும் முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாங்கள் எழுதவில்லை; இரண்டு மாதம் ஒரு வீட்டோடு பேச்சே இல்லை.

நொதித்த கரைசல் வெளியே வரும் குழிவாயை லீக்ஸ் பாத்திப் பக்கம் வையுங்கள். ஓடைப் பக்கம் வைத்தால் அடுத்த மழைக்கே அக்கா திரும்பி வந்து நிற்பார்.