டாக்டர், நர்சம்மா, நோயாளிகள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவது எப்படி?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கும் நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இதற்கென்று தனியாக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யாரும் வர மாட்டார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலைகள் ஓடும் மாதங்களில் கூப்பிடவே வேண்டாம்.

மேடை, மைக், சால்வை எதுவும் கூடாது. பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு ஜமுக்காளம். முட்டி வலிக்காரர்களுக்கு நாற்காலி போடலாம், டாக்டருக்கு மட்டும் போட்டீர்களோ கதை முடிந்தது, "நல்லா பார்க்கிறாங்க சார்" என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"என்ன குறை?" என்று கேட்காதீர்கள். அடுத்த மாதமும் அதே நர்சம்மாவிடம்தானே மாத்திரை வாங்க வேண்டும், யார் வாய் திறப்பார்கள்? "காலையில் வீட்டிலிருந்து கிளம்பி மாத்திரை கைக்கு வரும்வரை என்னென்ன நடந்தது?" என்று கேளுங்கள். எங்கள் பக்கம் அப்படிக் கேட்டபோதுதான் மலையிலிருந்து வரும் ஒரு பாட்டி சொன்னார்: "வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும்ங்கறீங்க, முதல் பஸ்ஸே ஒன்பதரைக்குத்தான் கண்ணு, ஒரு சொம்பு கூழ் குடிக்காம எப்படி வர்றது?" அதுவரை சுகர் இறங்கவில்லை என்று அவருக்கு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போயிருந்தார்கள்! டாக்டர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று கேட்டுச் சீட்டில் எழுதுவது, தூரத்து ஊர்க்காரர்களுக்கு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் டெஸ்ட் எடுப்பது (எச்பிஏ1சி, இதற்கு வெறும் வயிறு தேவையில்லை) என்று முடிவானது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் அக்காவைக் கட்டாயம் கூப்பிடுங்கள், எந்த வீட்டில் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். ஆனால் பெயர் சொல்லிப் போட்டுடைக்கக் கூடாது. சபையில் சொல்ல முடியாத நோயைத் தனியாகப் பேச நர்சம்மா கடைசியில் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

தருமபுரிக்காரர்கள் தண்ணீர்ப் பேச்சை எடுக்காமல் விடாதீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் குழாயில் வராத நாளில் எந்த போர்வெல் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று டாக்டர் கேட்கட்டும், கொதிக்க வைத்தால் அதிலிருக்கும் ஃபுளோரைடு (பல்லையும் எலும்பையும் கெடுக்கும் உப்பு) போய்விடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; அது போகாது. ஓசூர், தேன்கனிக்கோட்டை என்றால் தெலுங்கும் கன்னடமும் தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பேசியதில் இரண்டே விஷயத்தை நோட்டில் எழுதி, யார் செய்வது என்றும் எழுதுங்கள். அடுத்த மாதம் உட்கார்ந்ததும் முதலில் அதைப் படியுங்கள், நடக்காமல் போனதையும் சேர்த்து.